ஆகாய பங்களா
மலைக்கு வந்த வழிகள் – 17

முதன்முதலாக ஸ்டோரின் மேல்மாடிக்கு ஏறியபோது எனக்குப் பதினோரு வயது. பள்ளிப் புத்தகத்தில் தேயிலைத் தொழிற்சாலை என்று போட்டிருக்கும். தோட்டத்தில் அது ஸ்டோர்தான். அப்பா அங்கே கொழுந்து வாட்டும் வேலையில் இருந்தார். சோற்றுத் தூக்கைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. நான் ஓடி வரவில்லை. மாடியின் நீளம் முழுக்கச் சாக்குத் துணியை இழுத்துக் கட்டிய தட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும். அவற்றில் மெல்லிசாகப் பரப்பிய பச்சைக் கொழுந்து. இரண்டு பக்கமும் சன்னல் வரிசை. கோடியில் ஒரு பெரிய காற்றாடி. கீழே அடுப்பிலிருந்து மேலே இழுபடும் வெதுவெதுப்பான காற்று தட்டுகளுக்கு நடுவே போகும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

"தட்டுல கைய வச்சிராத தம்பி. துணி கிழிஞ்சா டீமேக்கரய்யா கொழுந்த விட்டுட்டு நம்மள வாட்டுவாரு" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் அந்தக் கொழுந்தைத் திரும்ப நிறுத்தால் கிட்டத்தட்டப் பாதிதான் இருக்கும். மீதியைக் காற்று கொண்டுபோயிருக்கும். கட்டடம் முழுவதும் அந்த ஒரு காரியத்துக்காகத்தான் அப்படிக் கட்டப்பட்டிருந்தது: காற்று போக வேண்டும், எடை குறைய வேண்டும்.

பல வருஷம் கழித்து ஒரு பழைய நிழற்படம் கையில் கிடைத்தது. நீண்ட கொட்டகை, வளையம் வளையமாக இரும்புச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, உள்ளே சின்னஞ்சிறிய மனிதர்கள். ஏதோ ஸ்டோரின் மேல்மாடியைக் கட்டும்போது எடுத்த படம் என்றே முதலில் நினைத்தேன். படத்தின் கீழே வேறு விபரம் இருந்தது. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுக்குப் பக்கத்துக் கார்டிங்டன் என்ற ஊரில், அரசாங்கம் கட்டிக்கொண்டிருந்த ஆர் 101 என்ற வான்கப்பலின் எலும்புக்கூடு அது. இந்தியாவுக்குப் பறப்பதற்கென்றே கட்டிய கப்பல்.

மலைக்கு வந்த வழிகளைப் பற்றிய தொடரில் வராத வழி ஒன்றை எதற்கு எழுதுகிறாய் என்று யாராவது கேட்கலாம். அந்தக் கப்பலின் வயிற்றுக்குள் இருந்த அறைகளின் வரைபடத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அது கப்பல் மாதிரி இல்லை. நம் தோட்டத்துத் துரை பங்களாவை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் மேகத்துக்குள் வைத்த மாதிரி இருந்தது.

* * *

ரயில் 1884இல் அட்டனுக்கும் அடுத்த வருஷம் நானுஓயாவுக்கும் வந்த கதையை முன்பே சொல்லிவிட்டேன். தேயிலைப் பெட்டி கொழும்புக்கு இறங்குவது அதோடு லேசாகிவிட்டது. தந்தியும் இருந்தது, லண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் விலை விழுந்தால் அட்டனில் அது தெரிய அதிக நேரம் ஆகாது. தவழ்ந்து வந்தது கடிதம்தான். லண்டன் கம்பெனி எழுதிய கடிதம் சுயெஸ் வழியாகக் கொழும்பு வந்து, ரயிலேறி, அட்டனில் இறங்கி, தப்பால்காரர் தோளில் பங்களா சேர இரண்டு வாரத்துக்கு மேலாகும். பதில் போய்ச் சேர மறுபடி அவ்வளவு நாள். ஒரு உரமூட்டைக்குச் சம்மதம் கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் மழைக்காலம் ஒன்று கழிந்துவிடும்.

பேரரசு முழுவதற்கும் இதே தலைவலி. 1922இல் டென்னிஸ்டன் பர்னி என்ற கடற்படை அதிகாரி ஒரு யோசனை சொன்னார்: போர்க்காலத்தில் ஜெர்மன்காரன் குண்டு போட வைத்திருந்த செப்பலின் மாதிரி வான்கப்பல்களைக் கட்டி, தபாலையும் பயணிகளையும் ஏற்றி, இந்தியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் விடுவோம். 1924இல் ராம்சே மெக்டோனல்டின் தொழிற்கட்சி ஆட்சி வந்ததும் திட்டம் இரண்டாகப் பிரிந்தது. விக்கர்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஒரு நிறுவனம் ஆர் 100ஐக் கட்டும். அரசாங்கமே கார்டிங்டனில் ஆர் 101ஐக் கட்டும். முதலாளிக் கப்பல், சோசலிசக் கப்பல் என்று ஜனங்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். முன்னது கனடாவுக்குப் போக வேண்டும், பின்னது இந்தியாவுக்கு.

இந்தியா என்றால் கராச்சி. எகிப்தில் இஸ்மாயிலியாவில் ஒரு கட்டுக் கம்பம், கராச்சியில் இன்னொரு கம்பம், அதன் பக்கத்தில் கப்பலை உள்ளே இழுத்து நிறுத்த ஒரு கொட்டகை. டிரிக் ரோடு என்ற இடத்தில் எழும்பிய அந்தக் கொட்டகையின் நீளம் ஏறக்குறைய 850 அடி. நம் ஊர்ப் பெரிய ஸ்டோர்கள் நாலைந்தை வால்பிடித்து நிறுத்தினாலும் உள்ளே இடம் மிச்சமிருக்கும். கறுத்துப்போய் நின்றதால் கராச்சிக்காரர்கள் அதைக் காலா சப்ரா, அதாவது கறுப்புக் கொட்டகை என்றார்கள். பேரைக் கேட்டாலே தெரிகிறது, அவர்களுக்கு அதன்மேல் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை.

* * *

இனி கப்பலுக்குள் போவோம். ஏறுவதே ஒரு கூத்துத்தான். கார்டிங்டனில் 202 அடி உயரத்தில் ஒரு இரும்புக் கோபுரம். அதற்குள் லிப்ட். உச்சியில் கப்பலின் மூக்கு பூட்டப்பட்டிருக்கும். காற்றடிக்கும் பக்கம் கப்பல் திரும்பும், மாட்டை முளையில் கட்டியது மாதிரி. பயணி லிப்டில் மேலே போய், ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி, மூக்கு வழியாக உள்ளே நுழைவார். நுழைந்ததும் குறுகலான நடை. இரண்டு பக்கமும் தலைக்கு மேலும் சட்டங்களும் கம்பிகளும், அவற்றுக்கு நடுவே மெதுவாக அசையும் பிரம்மாண்டமான பைகள். அந்தப் பைகளில் ஐதரசன். கப்பல் தூக்கி நிற்பது அதனால்தான்.

வான்கப்பல் என்றாலே பலூன் என்று நினைத்துக்கொள்கிறோம். பலூனில் வாயு போனால் தோல் சுருங்கிவிடும். இது அப்படி இல்லை. உருக்கிலும் டியூரலுமின் என்ற கலப்பு உலோகத்திலும் செய்த வளையங்களை நீளச் சட்டங்களால் கோத்து, மேலே லினன் துணியைப் போர்த்தி, துணி விறைப்பதற்கு ஒருவித வார்னிஷ் பூசியிருப்பார்கள். உள்ளே ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவே தனித்தனி வாயுப்பை. வாயு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உருவம் மாறாது. ஆர் 101இன் நீளம் கடைசியில் 777 அடி. குறுக்களவு 130 அடிக்குச் சற்று மேலே. வாயு 55 லட்சம் கன அடி.

பைகள் எதனால் செய்தவை தெரியுமா? மாட்டுக் குடல். குடலின் ஒரு பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்து, சுரண்டி, ஊறவைத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பருத்தித் துணியில் ஒட்டுவார்கள். ஐதரசனைக் கசியவிடாமல் வைத்திருக்க அதைவிட லேசான பொருள் அப்போது கிடையாது. இந்த ஒரு கப்பலுக்கு மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளின் சவ்வு போயிற்று என்பார்கள். உரித்து ஒட்டும் வேலை முழுக்கப் பெண்களுடையது. விரல் நகம் பட்டாலே கிழிந்துபோகும் சாமான் என்பதால் பெண்கள் கைதான் தோது என்று முதலாளிமார் சொல்லியிருப்பார்கள். கொழுந்து கிள்ளுவதற்கு நம் பெண்களின் விரல்தான் தோது என்று சொன்ன அதே வாய்.

ஜெர்மனியில் ஷூட்டே–லான்ஸ் என்ற கம்பெனி உலோகத்தை விட்டுவிட்டு ஒட்டுப்பலகையாலேயே வான்கப்பல் சட்டம் கட்டிப் பார்த்தது. மெல்லிய மரத்தாள்களைப் பசைபோட்டு ஒட்டிய அதே பலகைதான், நம் தேயிலைப் பெட்டிக்கென்று பால்டிக் கரையிலிருந்து வந்தது. ஓரத்துக்குத் தகரம் அடித்து, உள்ளே ஈயத்தாள் போட்டு, தேயிலையை அடைத்து அனுப்புவோமே, அது. ஈரம் பட்டால் பசை விட்டுவிடும் என்பது ஸ்டோரில் பெட்டி அடித்த எல்லாருக்கும் தெரியும். ஷூட்டே–லான்ஸ்காரர்களுக்கு அது மேலே போனபிறகுதான் தெரிந்தது.

* * *

நடையின் முடிவில் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் பங்களா.

பழைய செப்பலின்களில் பயணிகள் கப்பலின் அடியில் தொங்கும் கூண்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஆர் 101இல் அவர்களை வயிற்றுக்குள்ளேயே கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு தளம். மேல்தளத்தில் பெரிய கூடம்: நீளம் 60 அடி, அகலம் 32 அடி. வெள்ளையும் தங்க நிறமும் பூசிய தூண்கள். தூண் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே கப்பலின் சட்டம், வெளியே மெல்லிய பலகை உறை. சுவர் என்று தெரிவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வண்ணத் துணி. கூடத்தில் பிரம்பு நாற்காலிகள், பூந்தொட்டிச் செடிகள். கூடத்துக்கு இரண்டு பக்கமும் நீண்ட வராந்தா; அதில் சாய்வு நாற்காலி, வெளியே பார்க்கச் சரிவான சன்னல். சன்னலிலும் கண்ணாடி இல்லை, எடை குறைந்த ஒளிபுகும் தகடு. துரை பங்களாவின் முன் வராந்தாவில் துரை சாய்ந்துகொண்டு மலையைப் பார்க்கிற அந்த இடத்தை வரைந்தவன்தான் இதையும் வரைந்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். ஐம்பது அறுபது பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடச் சாப்பாட்டு அறை தனியாக.

படுக்கும் அறைகள் நடுவில். இரண்டு பேருக்கு ஒரு அறை, கட்டிலுக்கு மேல் கட்டில். வாசலில் கதவு இல்லை, திரைச்சீலை. சன்னல் கிடையாது. ஆர் 101இன் அறை அளவு எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் இங்கே எழுதியிருப்பேன். பின்னால் ஜெர்மனி கட்டிய ஹிண்டன்பர்க்கின் அளவு தெரியும். ஆறரை அடி நீளம், ஐந்தரை அடி அகலம். நம் லயத்துக் காம்பராவைப் பத்துக்குப் பன்னிரண்டு என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பாடமாகிவிட்டது. அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை அந்த அறை. அதற்கு 1936இல் அட்லாண்டிக் கடலைத் தாண்ட ஒரு ஆளுக்கு 400 டொலர். இரண்டரை நாளில் இறங்கிவிடுவார்கள், தூங்குவதற்கு மட்டும்தான் உள்ளே போவார்கள், அது வேறு. நம்மவர்கள் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டிலேயே பிறந்து, சமைத்து, பேறுகாலம் பார்த்து, செத்தும் போனார்கள்.

(கந்தப்பளையில் ஹெத்தர்செட் தோட்டத்துப் பழைய ஸ்டோர் 1990களில் ஹோட்டலாக மாறியது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் இப்போது படுக்கை அறைகள். அந்தப் பக்கம் போகிறவர்கள் மாடி நடையில் ஒருமுறை நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அறைகள், வரிசைச் சன்னல், இரும்புத் தூண். நான் சொல்லும் கப்பலின் நடைக்கு இலங்கையில் அதைவிடக் கிட்டத்தில் வரும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை.)

கீழ்த்தளத்தில் குசினி, கழிவறைகள், ஊழியர்கள் படுக்கும் இடம், வரைபட அறை. வரைபட அறையிலிருந்து ஏணி வழியாக இறங்கினால் கப்பலை ஓட்டும் சின்னக் கூண்டு, வயிற்றுக்கு வெளியே. எஞ்சின்கள் ஐந்தும் வெளியேதான் தொங்கின, ஒவ்வொன்றும் ஒரு முட்டை வடிவக் கூண்டில். எஞ்சின்காரர் தன் முறை வந்தால் கப்பலின் வயிற்றிலிருந்து திறந்தவெளியில் ஏணியில் இறங்கி அந்தக் கூண்டுக்குள் நுழைய வேண்டும். மழையானாலும் குளிரானாலும், கீழே கடலே ஆனாலும். உள்ளே நிற்க முடியாத சத்தம், டீசல் நாற்றம்.

கீழ்த்தளத்தில் இன்னொரு அறையும் உண்டு. அதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சுருட்டுப் பிடிக்கும் அறை. தலைக்குமேல் 55 லட்சம் கன அடி ஐதரசன், அதன் அடியில் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்து புகைக்க ஒரு அறை! அஸ்பெஸ்டாஸ் சுவர், அலுமினியத் தரை. சுருட்டு இல்லாமல் ஐந்து நாள் இருக்க முடியாத கனவான்களுக்காக. ஹிண்டன்பர்க்கிலும் அப்படி ஒன்று இருந்தது. வெளி வாயு உள்ளே நுழையாதபடி அதன் காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டி வைத்து, இரட்டைக் கதவு போட்டு, கப்பல் முழுக்க ஒரே ஒரு சிகரெட் லைட்டரை அங்கே வைத்திருந்தார்கள். முட்டாள்தனத்தின் உச்சம் என்று முதலில் படித்தபோது சிரித்தேன். ஆர் 101இன் அந்த அறைக்குக் கடைசியில் திரும்பி வர வேண்டியிருக்கிறது. அப்போது சிரிப்பு வராது.

* * *

பங்களா நன்றாகத்தான் இருந்தது. தராசில் ஏற்றியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடப்பது நமக்குத் தெரியும். கூடைக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு என்று கணக்கப்பிள்ளை வெட்டியது போக மிச்சம்தான் நம் பேரில் எழுதப்படும். வான்கப்பலுக்கும் அதே கணக்குத்தான். வாயு தூக்கும் மொத்த எடை ஒன்று. அதில் சட்டம், துணி, பைகள், எஞ்சின், தூண், பிரம்பு நாற்காலி, பூந்தொட்டி எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம்தான் எண்ணெய்க்கும் ஆளுக்கும் தபாலுக்கும். திட்டம் போட்டபோது அந்த மிச்சம் 60 டன் என்றார்கள். 1929இல் கட்டி முடித்து நிறுத்தபோது 35 டன்.

எங்கே போயிற்று? பெரும் கள்ளன் எஞ்சின். பெற்றோல் எஞ்சின் என்றால் கராச்சி வெயிலில் ஆவி கிளம்பித் தீப்பிடிக்கும் என்று பயந்து டீசல் வைத்தார்கள். பியர்ட்மோர் டொர்னாடோ என்று பெயர். ரயிலுக்கென்று வடிவமைத்த எஞ்சினின் வழிவந்தது. ஐந்தும் சேர்ந்து 17 டன். ரயில் எஞ்சினை வானத்தில் ஏற்றியவர்கள் என்று அவர்களை நான் கேலி செய்யப்போவதில்லை; பயம் நியாயமான பயம். ஆனால் கனம் கனம்தான்.

வெயிலின் கொடுமை அதோடு நிற்கவில்லை. சூடான காற்று லேசானது. லேசான காற்றில் கப்பலைத் தூக்கும் விசையும் குறையும். இங்கிலாந்தின் குளிரில் 150 டன் வரை தூக்கும் கப்பல், கராச்சியின் 35 பாகை வெயிலில் பத்து டன் போலக் குறைவாகத்தான் தூக்கும். உயரம் போனால் இன்னும் மோசம். ஆயிரம் அடி ஏற ஏற வாயு முப்பதில் ஒரு பங்கு விரியும்; பை ஏற்கெனவே நிறைந்திருந்தால் அந்தப் பங்கை வெளியே விட்டாக வேண்டும். விட்டது விட்டதுதான், கீழே இறங்கினால் திரும்பி வராது.

கராச்சிக்கு அப்புறம் இந்தக் கப்பல் நுவரெலியாவுக்கு வந்திருந்தால் என்று ஒரு இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 6,128 அடி. ஆறில் ஒரு பங்கு தூக்குவிசை போய்விடும், அதாவது 25 டன். 35 டன்னில் 25 டன் கழிந்தால் மிச்சம் பத்து. எண்ணெய்க்கே காணாது. ரம்பொடைப் பக்கம் காற்று, கண்ணை மறைக்கும் மூடுபனி, பக்கத்தில் 8,281 அடி உயரத்துக்குப் பிதுருதலாகலை. கம்பம் நட்டுச் சுற்றிலும் 700 அடிக்கு மேற்பட்ட ஆரத்துக்குக் கப்பல் சுழல இடம் வேண்டுமே என்று தேடினால், சமதரை என்று சொல்ல நுவரெலியாவில் குதிரைப்பந்தயத் திடல் ஒன்றுதான் தேறியது. ஏப்ரல் சீசனில் அதையும் கேட்க முடியாது.

கார்டிங்டன்காரர்களும் எடையைக் குறைக்கப் படாதபாடு பட்டார்கள். சில அறைகளைப் பிடுங்கினார்கள். வாயுப்பைகளைப் பிடித்திருந்த கம்பி வலையைத் தளர்த்தி, பை இன்னும் கொஞ்சம் உப்ப விட்டார்கள். உப்பிய பை சட்டத்தில் உரசியது. உரசிய இடமெல்லாம் பொத்தல். பொத்தலைத் தடுக்கச் சட்டத்தில் 4,000 இடத்துக்குத் துணிமெத்தை சுற்றினார்கள். அதுவும் போதாமல் 1930 கோடையில் கப்பலை நடுவே இரண்டாக வெட்டி, 45 அடி நீளத்துக்குப் புது வளையங்களைச் செருகி, இன்னொரு பையை வைத்தார்கள். மிச்சக் கணக்கு 49 டன்னுக்கு ஏறியது. சட்டை சிறிதென்று ஆளையே வெட்டி ஒட்டுப்போட்ட கதை.

இதற்கிடையில் முதலாளிக் கப்பலான ஆர் 100, ஜூலைக் கடைசியில் புறப்பட்டு 78 மணி நேரத்தில் கனடா போய்ச் சேர்ந்து, ஒகஸ்டில் திரும்பியும் வந்துவிட்டது. அரசாங்கக் கப்பலுக்கு இனிப் பொறுக்க முடியாது. விமானத்துறை மந்திரி லோர்ட் தொம்சன் நாசிக்கில் பிறந்தவர். அடுத்த வைஸ்ராய் அவர்தான் என்று பேச்சு. கராச்சியில் வானத்திலிருந்து இறங்கி, அக்டோபர் 20க்குள் லண்டன் பேரரசு மாநாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. கப்பல் பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழ் புறப்படுவதற்குச் சற்று முன்புதான் கைக்கு வந்தது. பாரசீகக் கம்பளச் சுருளும் பெட்டிகளுமாக அவருடைய சாமான் ஏறியது. இஸ்மாயிலியாவில் விருந்து வைப்பதற்கான சாமானும் ஏறியது. ஒவ்வொரு இறாத்தலையும் நிறுத்துக் கழித்துக்கொண்டிருந்த கப்பலில்!

* * *

1930 அக்டோபர் 4, சனிக்கிழமை. மாலை ஆறரைக்கு மேல் கம்பத்திலிருந்து கழன்றது. உள்ளே 54 பேர். மழை, எதிர்க்காற்று. நள்ளிரவில் கப்பலிலிருந்து வந்த கம்பியில்லாத் தந்தி எல்லாம் சுகம் என்றது: பயணிகள் இராச்சாப்பாடு முடித்து, கடைசிச் சுருட்டும் பிடித்து, பிரான்ஸ் கரையைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள்.

இரண்டு மணிக்கு முறை மாறியது. சில நிமிஷத்தில் போவே நகருக்குப் பக்கத்தில், அல்லோன் கிராமத்து மேட்டருகே மூக்கு தாழ்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி தாழ்ந்தது. தரையில் பட்ட வேகம் அதிகமில்லை. வீட்டுக் கூரையிலிருந்து குதித்தவன் பிழைப்பது மாதிரிப் பெரும்பாலோர் பிழைத்திருக்கலாம். ஐதரசன் பற்றிக்கொண்டது.

மேல்தளத்தில் திரைச்சீலை போட்ட அறைகளில் தூங்கியவர்களில் ஒருவரும் தப்பவில்லை. மந்திரி தொம்சன், கப்பலை வடிவமைத்த ரிச்மண்ட், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநர் செஃப்டன் பிராங்கர், இந்திய அரசின் சார்பில் வந்த ஓநீல் எல்லாரும் போனார்கள். 48 பேர் இறந்தார்கள். மிஞ்சிய ஆறு பேரில் நாலு பேர் வெளியே தொங்கிய எஞ்சின் கூண்டுகளில் இருந்தவர்கள், யாரும் விரும்பிப் போகாத அந்தச் சத்தக் கூண்டுகளில். பின்கூண்டில் பெல், பிங்க்ஸ் என்று இரண்டு பேர். கூண்டைச் சுற்றித் தீ வளைத்துக்கொண்டபோது, மேலே கப்பலில் பாரத்துக்கு வைத்திருந்த தண்ணீர்த் தொட்டி ஒன்று உடைந்து அவர்கள் தலையில் கொட்டியது. அந்தத் தண்ணீரில் நனைந்தபடி வெளியே வந்தார்கள்.

இன்னொருவர் ஹாரி லீச், எஞ்சின் மேற்பார்வையாளர். விபத்து நடந்த கணத்தில் அவர் இருந்த இடம் சுருட்டு அறை. மேல்தளம் அப்படியே நொறுங்கி அவர்மேல் இறங்கியது. இறங்கிய தரையை அந்த அறையின் சோபாக்களின் முதுகு தாங்கிக்கொண்டது. தரைக்கும் இடிந்த கூரைக்கும் நடுவே மூன்று நாலு அடி சந்து. அஸ்பெஸ்டாஸ் சுவரைக் கையாலேயே பிய்த்து வெளியே விழுந்தார். தீ வரக்கூடாது என்று கட்டிய சுவர் தீயைச் சில நிமிஷம் வெளியே நிறுத்தியது. ஓடிப்போகாமல் மற்றவர்களைக் காப்பாற்ற மறுபடி தீப்பக்கம் போனதற்காக லீச்சுக்கு அல்பேட் பதக்கம் கொடுத்தார்கள்.

விசாரணைக்குத் தலைவராக வந்தவர் ஜோன் சைமன். ஆமாம், இரண்டு வருஷத்துக்கு முன் இந்தியாவில் ஊர் ஊராகக் கறுப்புக்கொடி பார்த்து, திரும்பிப் போ என்ற கோஷம் கேட்டுப் போன அதே சைமன் கமிஷன் சைமன்தான். முன்பக்கத்து வெளித்துணி கிழிந்து, பை சேதமாகி, வாயு போனதே பெரும்பாலும் காரணம் என்றது அறிக்கை. அதோடு திட்டத்துக்கு மூடுவிழா. குற்றம் ஒன்றும் செய்யாத ஆர் 100ஐயும் 1931இல் உடைத்து, ரோட்டு உருளையை ஏற்றி நசுக்கிப் பழைய இரும்பாக விற்றார்கள். அதே வருஷம் தேயிலை விலையும் தரையில் கிடந்தது. அட்டனில் நடேசய்யர் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிக்கொண்டிருந்தார். வான்கப்பல் விழுந்ததா எழுந்ததா என்று கேட்க லயத்தில் யாருக்கும் நேரமில்லை.

* * *

கராச்சிக் கொட்டகை காலியாகவே நின்றது. பக்கத்துக் கம்பத்தில் ஒரு வான்கப்பலும் கட்டப்படவில்லை. 1960களின் தொடக்கத்தில் கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள்.

அதே டிரிக் ரோட்டு மைதானத்தில், கப்பல் எரிந்து இரண்டு வருஷமும் பத்து நாளும் கழிந்து, 1932 அக்டோபர் 15 காலையில் ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு புஸ் மொத் விமானத்தில் ஏறினார். ஒற்றை எஞ்சின், ஓட்டுகிறவர் ஒருவர். கூடம் இல்லை, வராந்தா இல்லை. பின்னால் 25 கிலோ தபால் மூட்டை. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் 1929 முதலே தத்தித் தத்திக் கராச்சிவரை தபால் கொண்டுவந்துகொண்டிருந்தன. அதை அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு டாட்டா எடுத்துப்போனார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட்.

சென்னையிலிருந்து மலைக்கு வருகிற வழி நமக்குப் பழக்கமானது. எழும்பூரில் போட் மெயில், தனுஷ்கோடி, பாக்கு நீரிணையில் கப்பல், தலைமன்னார், மறுபடி ரயில், பொல்காவலையில் மாற்றம், அட்டன். மண்டப முகாம் வழியாக நம் பாட்டன்மார் வந்த அதே தடம். அட்டன் தபால் கந்தோரில் மூட்டை பிரியும். தோட்டத்துத் தப்பால்காரர் தன் பையை நிரப்பிக்கொண்டு ஏறத் தொடங்குவார். பங்களாக் கடிதங்களை முதலில் வராந்தாவில் கொடுப்பார், நீல நிற விமானத் தபால் ஒட்டுச்சீட்டு உள்ளதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து. லயத்துக் கடிதங்கள் கந்தோரில் தங்கும். மறுநாள் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை ஒவ்வொன்றாக நீட்டுவார், சில நாள் இரண்டு நாள் கழித்து.

(அடுத்த இதழில்: இரத்மலானையில் இறங்கிய முதல் விமானம்)